அண்ணாந்து மாமா

செருப்பைக் கழற்றும்போதே மாமாவின் முகம் மேலே போய்விடும். “வாங்க மாமா, காபி போடட்டுமா?” என்றால், “ஃபேன் கொக்கிகிட்ட என்னம்மா மஞ்சளா?” என்பார். புது சோபா, வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, எதுவும் கண்ணில் படாது.

ஒட்டடையெல்லாம் அவருக்குச் சில்லறைக் கேஸ். பழுப்பு விளிம்போடு ஒரு ஈரக் கறை தென்பட வேண்டும், உடனே பென்சில் கேட்பார். பையனை ஸ்டூலில் ஏற்றி, கறையைச் சுற்றிக் கோடு இழுக்கவைத்து, பக்கத்தில் தேதியும் எழுதவைப்பார். “மழை பெஞ்சு கோட்டைத் தாண்டுச்சுன்னா மொட்டைமாடித் தட்டோட்டுல விரிசல். மழையில்லாமலே தாண்டுச்சுன்னா தண்ணித் தொட்டிக் குழாய்.” வீட்டுக்கு வருகிற சம்பந்தி முறைக்காரர்கள், இதென்ன பிறந்த தேதியா என்று விசாரிக்கிறார்கள். போனிலும் நலம் விசாரிப்பு கிடையாது. “தாண்டிடுச்சா?” அவ்வளவுதான்.

பிறகு குடை. காம்பால் மேலே டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் உள்ளே காலியாக இருப்பதுபோலச் சத்தம் கேட்டால் முகம் மலரும். “உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. துருவேறினா இரும்பு பெருக்கும், பெருத்தா காரையைத் தள்ளும். நீங்க மேல பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா ஆச்சா?” தொடர்ந்து அவர் தாத்தா வீட்டு மெட்ராஸ் டெரஸ் வரும்: தேக்குக் கட்டை, குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை, கடுக்காய்த் தண்ணீர். காபி ஆறிவிடும்.

அவர் சொல்வது தப்பாக இருந்தாலாவது நிம்மதி. ஒருமுறை அப்படித் தட்டிப் பார்த்துக் கட்டிலை நகர்த்தச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினோம். ஐப்பசி அடைமழையில், கட்டில் கிடந்த இடத்தில்தான் காரை பெயர்ந்து விழுந்தது. அடுத்த முறை வந்தபோது, கேட்காமலே இரண்டாவது காபி கொடுத்தோம்.

ஆனால் போகிக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்டூல்மேல் நிற்பவர் அத்தை. முழங்கால் வலிக்காரி. ஒட்டடைக் கம்பும் அவர் கையில்தான். மாமா வாசல்படியில் நின்று, “இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அங்க ஒரு நூலாம்படை” என்று வழி சொல்வார். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம். அதையாவது பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

கிட்டே வந்தால் கண்ணில் தூசி விழுமாம்.