44 இருக்கைக் கோட்பாடு: தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பினாங்குப் பயணம் குறித்த ஓர் ஆராய்ச்சி

தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று பினாங்குக்குக் கல்விச் சுற்றுலா போவதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. தலைமையாசிரியர் என்பார் ஒரு சாரார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பார் இன்னொரு சாரார். மாவட்டக் கல்வி இலாகா என்பது மூன்றாம் கட்சி. ஒப்புதல் கடிதம் அங்கிருந்து வர வேண்டியிருப்பதால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. மூன்றும் பொருந்தா என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு. சுற்றுலாவைத் தீர்மானிப்பது பேருந்து. நுணுக்கமாகச் சொன்னால், பேருந்தின் 44 இருக்கைகள். எங்கே போவது, யார் யார் வருவது, வழியில் என்ன சாப்பிடுவது, எந்தக் கோயிலில் இறங்குவது, பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு திரும்புவது ஆகிய அனைத்தும் இந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன. மாணவர்களுக்காகப் பள்ளி பேருந்து பிடிக்கிறது என்பது வெறும் தோற்றம். பேருந்துதான் தனக்கு ஆள் பிடிக்கிறது.

இதை நிறுவக் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. ஆறாம் ஆண்டில் 11 பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவு தங்கித் திரும்பும் பினாங்குப் பயணத்துக்குப் பேருந்து வாடகை 3,300 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். 11 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 300 வெள்ளி. இந்தத் தொகை பெற்றோரின் வாட்சாப் குழுவில் வெளியாகும் நாளில், அதுவரை காலை வணக்கமும் பூப்படமும் குறையாமல் வந்துகொண்டிருந்த அந்தக் குழு ஊமையாகிவிடும். அதே தொகையை 44ஆல் வகுத்தால் 75 வெள்ளி. உடனே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழும். பிள்ளைகள் 11, ஆசிரியர்கள் 3 போக மீதி 30 இருக்கைகள். இந்த 30ஐ நிரப்பும் பணிக்குத்தான் ‘ஏற்பாட்டுக் குழு’ என்று பெயர். முதல் அறிவிப்பு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளும் வரலாம் என்கிறது. அடுத்தது நான்காம் ஆண்டையும் சேர்த்துக்கொள்கிறது. பிறகு தம்பி தங்கை, அதன் பிறகு பெற்றோர், கடைசியில் ‘தாத்தா பாட்டி விரும்பினால் டீச்சரிடம் பெயர் கொடுக்கவும்’. கல்விச் சுற்றுலாவின் வயது வரம்பு இப்படி இரண்டே வாரத்தில் 12இலிருந்து 72க்கு உயர்கிறது. சிற்றுண்டிச்சாலை அக்கா இந்த அறிவிப்பு எதற்கும் காத்திருப்பதில்லை. அவர் பெயர் முதல் பட்டியலிலேயே இருக்கும். சமையல் அவர் கையில் என்பதால் எவரும் அதைக் கேள்வி கேட்பதுமில்லை.

பிள்ளைகள் 11 பேராகக் குறைந்தது எப்படி என்று கேட்டால், வரலாற்றுக்குள் போக வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி வைத்தாக வேண்டும். ஆகப் பள்ளிக்குப் பத்துப் பேர் போதும். சுற்றுலாவுக்கு நாற்பத்து நான்கு பேர் வேண்டும். இடையிலுள்ள 34ஐ எந்தச் சட்டமும் எண்ணிப் பார்க்கவில்லை. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். எஞ்சியவற்றில் பல, 150க்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்ட ‘குறைந்த மாணவர்’ பள்ளிகள். பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கும். தோட்டத்தில் லயம் இருக்காது. தனிப்பொறுப்பு யாருக்கு என்று துருவினால், நம் மாவட்டத்திலேயே ஆள் அகப்படுகிறார். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பால்மரம் சீவ விடியுமுன் ஆள் படை வேண்டும். செம்பனைக்குலை சில நாளுக்கு ஒரு சுற்று வெட்டினால் போதும். ஆள் குறைந்தது, குடும்பங்கள் பட்டணம் போயின, வகுப்பறை மெலிந்தது. அதே மனிதர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். பினாங்குப் பேருந்தில் 30 இருக்கை காலியாகக் கிடப்பதற்கு ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரே காரணம் என்ற முடிவு கொஞ்சம் கடுமைதான். வாடகையைக் கட்டுவது அவரல்ல என்பதால் அந்தக் கடுமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இனி இருக்கை வரைபடம். பயன்படுத்திய தேர்வுத்தாளின் பின்புறத்தில், பென்சிலால் போட்ட பதினொரு வரிசைக் கட்டம் அது. அழிப்பானால் தேய்ந்து நடுவில் ஓரிடம் ஓட்டையாகியிருக்கும். பெரும்பாலும் இரண்டு தாய்மார் ஒரே சன்னலைக் கேட்ட இடம். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் முன்வரிசையில்; அவர்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் பையும் ஆசாம் பாயும். முட்டிவலிக்காரர்களான பாட்டிகள் கதவோரம், அதாவது இடப்பக்கம். அவர்கள் கைப்பையில் கோடாலித் தைலம். ஆறாம் ஆண்டுப் பையன்கள் கடைசி வரிசைக்கு யாரும் அனுப்பாமலே போய்விடுவார்கள். இந்தப் படம் முடிவான பிறகே பயண நிரல் எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தெலுக் இந்தான் வழியாகப் பீடோர் போய் நெடுஞ்சாலை ஏறினால் 300 கிலோமீட்டருக்கு மேல். பையன்கள் மட்டும் போனால் ஒரு நிறுத்தம் போதும். பாட்டிகள் வந்ததால் தாப்பாவில் ஒன்று, சுங்கை பேராக்கில் ஒன்று. தாளில் பத்து நிமிடம், பெண்கள் கழிவறை வரிசையில் நாற்பது. நிறுத்தம் கூடியதால் காலை உணவு வழியிலேயே என்றாகிறது. அதனால் நாசி லெமாக் பொட்டலம். அதனால் சிற்றுண்டிச்சாலை அக்கா. முன்னர்ப் பட்டியலில் அவர் பெயர் முதலில் நின்றதற்குத் தருக்கக் காரணம் இங்கேதான் கிடைக்கிறது.

அற்றேல், பினாங்கைத் தேர்ந்தெடுத்தது அதன் வரலாற்றுச் சிறப்புக்காக அன்றோ எனின், அன்று. பிரான்சிஸ் லைட் 1786இல் இறங்கிய இடம், யுனெஸ்கோ 2008இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்ற நகரம் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதப்படுவது மெய். ஆனால் வரலாறுதான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே கோலசிலாங்கூரின் மலாவாத்தி மலை இருக்கிறது. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அங்கே, பீரங்கி அங்கே, 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமும் அங்கே. கச்சான் வாங்கும் வரை கையை விடாத குரங்குகள் வேறு. கார்ன்வாலிஸ் கோட்டையோ ஒரு போரையும் கண்டதில்லை. கடல் பார்க்க வேண்டுமென்றாலும், தஞ்சோங் காராங் கரையில் அலைவதும் பினாங்குக் கரையில் அலைவதும் ஒரே மலாக்கா நீரிணைதான்; நம் பக்கம் சேறு கூடுதல், அவ்வளவே. பிறகு ஏன் மலாவாத்தி தோற்கிறது? சந்தைக்குப் போகும் ஊருக்கு 75 வெள்ளி கட்டி வர எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார். கோலாலம்பூரும் இதே காரணத்தால் விழுகிறது. அங்கே எல்லார் வீட்டிலும் ஒரு மகளோ மருமகனோ இருக்கிறார்கள், போனால் சோறு கிடைக்கும். மலாக்காவுக்குக் கோட்டை உண்டு, தண்ணீர்மலை முருகன் கோயில் இல்லை. 44ஐ நிரப்பும் ஆற்றல் பினாங்குக்குத்தான் உண்டு. அங்கே பிள்ளைக்குக் கொடிமலை ரயில், தாய்க்கு லிட்டில் இந்தியாவின் சேலைக்கடை, தந்தைக்கு நாசி கண்டார், பாட்டிக்கு முருகன். கல்விக்கு மிச்சமாவது குவீன் தெருவுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட நேரம். தண்ணீர்மலைக்கு 513 படி என்று தெரிந்ததும் பாட்டிகளில் பாதிப்பேர் அடிவாரத்துச் செட்டியார் கோயிலோடு நின்றுகொள்வார்கள். நிரல் அங்கே இரண்டாகப் பிளக்கும். மூன்று ஆசிரியர்களில் யார் மேலே, யார் கீழே என்ற சர்ச்சைக்கு இன்றுவரை தீர்வில்லை.

சிறிய வண்டி எடுத்தால் சிக்கல் தீராதோ என்பது அடுத்த வினா. தீராது. 14 பேர் வேனில் போகலாம். தலைக்கு வரும் தொகையும் பெரிதாக ஏறாது. ஆனால் வேன் என்பது துக்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது. பள்ளி வாசலில் நின்று வேனுக்குக் கையாட்டி வழியனுப்பியவர் எவருமில்லை. பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து போகலாமே என்பாருக்கு ஒரே பதில்: இரண்டு தலைமையாசிரியர், ஒரு முன்னிருக்கை. பதாகையில் எந்தப் பள்ளியின் பெயர் மேலே என்பது தனி வழக்கு. சட்டமன்ற உறுப்பினரிடம் மானியம் கேட்பது மூன்றாம் வழி. கிடைத்துவிட்டால் இருக்கை இலவசம். இலவசம் என்றதும் பட்டியல் 60 ஆகும். இரண்டாம் பேருந்து பிடிக்க வேண்டும். அதில் 28 இருக்கை காலி. அதை நிரப்பக் குழு மறுபடி கூடும். பணம் வந்தாலும் வராவிட்டாலும் கோட்பாடு அசைவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. பெரியில் ஏறிப் பட்டர்வொர்த்திலிருந்து கடல் கடக்கும் யோசனையும் அடிக்கடி எழும். இப்போதைய பெரியில் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம். பேருந்து பாலம் வழியே தனியாகச் சுற்றி வர, 44 பேரைக் கரையிலிறக்கி எண்ணி ஏற்றி மறுகரையில் எண்ணி இறக்க வேண்டும். ஏற்பாட்டுக் குழு எண்ணுவதற்கு அஞ்சாது. எண்ணிக்கை 43 என்று வந்துவிடுமோ என்றுதான் அஞ்சும்.

மேற்கண்டவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 30 இருக்கை நிரப்புவதற்காக ஏறியவர்களால் 11 பிள்ளைகளின் கல்வி கெடுகிறதே என்பது அது. கோட்டையில் ஆசிரியர் பேசும்போது பின்னால் ஒருவர் ஜாதிக்காய் விலை கேட்கிறார், அருங்காட்சியக நேரம் முறுக்குக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டுகள் உண்மையே. ஆனாலும் முடிவு தவறு. பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். தீவை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் ஜெரஜாக் தீவு தெரியும். தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக இறக்கி அடைத்துவைத்த தீவு அது. ரஜூலாவிலும் அதற்கு முந்திய கப்பல்களிலும் நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் தோட்டத்துக்கு ஆள் கணக்கில் பிரிக்கப்படுமுன் அங்கே நாள் கழித்தார்கள். உதவித்தொகையில் கூலி ஆள் வருவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆகவே அங்கே அடைபட்டவர்கள் பிள்ளைகளின் பாட்டிகளல்லர், பாட்டிகளைப் பெற்றவர்கள். பயண நிரலில் ஜெரஜாக் இல்லை. கற்றல் நோக்கங்களில் இல்லை. ஆசிரியர் கையிலிருக்கும் குறிப்பேட்டில் லைட் உண்டு, கோட்டை உண்டு, யுனெஸ்கோ உண்டு. ஜெரஜாக்கைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்ட ஒரே ஆள் அந்த வண்டியில் ஒரு பாட்டிதான். மலேசியாவில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால் பேருந்துக் கதவு இடப்பக்கம், கதவு இடப்பக்கம் என்பதால் முட்டிவலிக்காரர் இடப்பக்கம், தீவும் இடப்பக்கம். “அதோ பாருடா, எங்கப்பாவ எறக்கி மருந்தடிச்ச எடம்” என்று அவர் சன்னலைத் தட்டுவதற்கு முட்டிவலி, சாலை விதி, 75 வெள்ளி ஆகிய மூன்றும் கூட வேண்டியிருக்கிறது. எந்தப் பாடத்திட்டக் குழுவும் இவ்வளவு துல்லியமாக ஆள் உட்கார வைத்ததில்லை.

நன்று, அப்படியானால் வாடகைக்காக அல்லாமல், கல்விக்காகவே பாட்டிகளைத் திட்டமிட்டு அழைக்கலாமே என்று கடைசியாக ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, செயல்படுத்தினால் கெடும். இப்போது விண்ணப்பப் பாரத்தில் பாட்டிக்குக் கட்டம் கிடையாது. அவர் ‘துணைப் பொறுப்பாளர்’ என்ற பெயரில், பொறுப்பு எதுவுமில்லாமல் ஏறுகிறார். கட்டம் உண்டாக்கினால் வயது வரம்பு வரும்; மருத்துவச் சான்று வரும்; வாய்மொழி வரலாறு கூறுபவர் என்று நியமனக் கடிதம் வரும்; என்ன பேசப் போகிறார் என்பதை இரண்டு வாரத்துக்கு முன் மலாயில் எழுதித் தரச் சொல்வார்கள். இதைக் கேட்டதும் பாட்டி, “நா ஊட்லயே இருக்கேன் டீச்சர், நீங்க போயிட்டு வாங்க” என்பார். இடப்பக்கம், கதவோரம், ஓர் இருக்கை காலியாகும். தலைக்கு 75 வெள்ளி என்பது 76 வெள்ளி 74 காசாக ஏறும். வாட்சாப் குழுவில் இன்னோர் அறிவிப்பு போட வேண்டியிருக்கும்.