சான்றிதழ் வாங்கிய டீம் லீட்

போன வெள்ளிக்கிழமை வரை நம்மோடு டீக்கடையில் நின்று மேனேஜரைத் திட்டியவர்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஜூமில் ஸ்க்ரம் வகுப்பு. 50 கேள்வியில் 37 சரி என்றால் பாஸ். திங்கட்கிழமை லிங்க்ட்இன்னில் அவர் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து முளைத்திருந்தது. நாமும் கைதட்டும் பொம்மை போட்டோம்.

அன்று முதல் தினமும் பத்து மணிக்கு ஸ்டாண்டப். 15 நிமிடம் என்பது விதி. நின்றுகொண்டே பேசினால் கால் வலித்துச் சீக்கிரம் முடிப்பார்கள் என்று கணக்கு. இவருக்குக் கால் வலிப்பதேயில்லை. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், ஏதாவது பிளாக்கர் உண்டா? (இந்த மூன்று கேள்வியை 2020-லேயே ஸ்க்ரம் கைடிலிருந்து எடுத்துவிட்டார்கள். யார் போய்ச் சொல்வது?)

மூன்றாவது கேள்விதான் அவருக்கு உயிர்.

"டேட்டாபேஸ் அக்ஸஸ் இன்னும் வரலை, ப்ரோ" என்பாள் டீமில் ஒரு பெண்.

"சூப்பர்! ஓப்பனா சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி போர்டில் ஒட்டுவார். மறுநாள், "இன்னும் இருக்கா?" இருக்கிறது. தாளின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு மறுநாள் இன்னொரு புள்ளி. பசை காய்ந்து ஏசி காற்றில் தாள் பறந்தபோது, பதறிப்போய்ப் பொறுக்கி செல்லோடேப் போட்டு ஒட்டினார். அக்ஸஸ் தருபவர்கள் இருக்கும் நாலாவது மாடிக்குப் போய்க் கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. 2001-இல் யூட்டாவில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கை எழுதியபோது, நடைமுறையையும் கருவியையும்விட மனிதர்கள் பேசிக்கொள்வதுதான் முக்கியம் என்றல்லவா முதலில் வைத்தார்கள்!

கடைசியில் அந்தப் பெண்ணே சாப்பாட்டு நேரத்தில் மாடியேறிப் போய் அக்ஸஸ் வாங்கி வந்தாள். மறுநாள் தாளை 'டன்' பக்கம் நகர்த்திவிட்டு இவர் கைதட்டினார். "பார்த்தீங்களா, இதான் செல்ஃப் ஆர்கனைசிங் டீம்!"

புதிதாக லீட் ஆகும் பிள்ளைகள், "அண்ணா, நானும் அந்த சர்ட்டிஃபிகேட் எடுக்கட்டுமா?" என்கிறார்கள். கம்பெனி பணம் கட்டினால் எடு. வேலை விளம்பரத்தில் கேட்டிருந்தாலும் எடு. ரெஸ்யூமே முதல் சல்லடையில் நிற்கும். சொந்தக் காசு என்றால் யோசி. ஸ்க்ரம் கைடு இலவசம், 13 பக்கம்தான்; ஓஎம்ஆர் சிக்னலில் நிற்கும் நேரத்தில் படித்துவிடலாம். ஸ்க்ரம் டாட் ஆர்கின் பரீட்சைக்கு வகுப்பு கட்டாயமில்லை. 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், ஆனால் காலாவதி கிடையாது. இவருடையதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

கெட்ட மனிதர் இல்லை. ரிலீஸ் இரவுகளில் வீட்டுக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்து, எல்லாருக்கும் தன் காசில் பரோட்டா வாங்கித் தருவார். அந்த ரிலீஸ் ஏன் இரவு வரை இழுத்தது என்பதில்தான் நம் வயிற்றெரிச்சல். மேனேஜர் "வெள்ளிக்குள்ள முடியுமா?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் "முடியும் சார்" என்றவர் இவர். எங்களைக் கேட்கவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வதற்குத்தானே லீட் என்று ஒருவர்?

சொல்லிவிட்டு வந்தபிறகு, விதிப்படி, வேலையின் அளவைக் கணிக்க எங்கள் கையில் பிளானிங் போக்கர் சீட்டுகளைக் கொடுத்தார். மொத்த டீமும் 13 காட்டியது.

"வெரி குட், எல்லாரும் ஒரே கருத்து. நான் எட்டுன்னு போட்டுக்கறேன்."