பென்டிரைவ் வாத்தியார்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்கு வரும் காலைப் பஸ்ஸில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மடிப்புக் கலையாத சட்டையை உள்ளே விட்டிருப்பார். பெண்ணாக இருந்தால் கல்லூரி எடுக்கச் சொன்ன ஒரே நிறச் சேலை. கக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய சார்ட். கழுத்தில் அடையாள அட்டை, அதன் நாடாவிலேயே தாயத்துப்போல ஒரு பென்டிரைவ். பல்கலைக்கழக ஏட்டில் இவர் 'மாணவ ஆசிரியர்'. பிள்ளைகளுக்கு 'டிரெய்னிங் சார்' அல்லது 'பி.எட். மிஸ்'. தலைமையாசிரியருக்கோ, லீவு போட்டவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள். 2015-ல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானதிலிருந்து, இரண்டாம் ஆண்டில் 16 வாரம், அதாவது 80 வேலை நாள், இவர் ஏதாவதொரு பள்ளியில் பயிற்சி எடுத்தாக வேண்டும். வரலாறு, அறிவியல், தமிழ் என்று பாடம் எதுவாகவும் இருக்கலாம். நம்பிக்கை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். திரையில் காட்டிவிட்டால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

தாயத்துக்குள் இருப்பவை 32 ஸ்லைடுகள். அவற்றைச் செய்தது, பெரும்பாலும், பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பிள்ளை இவர்; கணினிக்கும் இவருக்கும் உள்ள உறவு பாடப்புத்தக உறவு அல்ல, பந்த பாசம். பேட்டரி ஓய்வுபெற்றுப் பல நாளாகிவிட்டதால் வயரைச் செருகினால்தான் அதற்கு உயிர். எனவே வகுப்புக்குள் நுழைந்ததும் நம்மவர் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்க்கிறார். பிளக் பாயிண்ட் எங்கே? இருக்கிறது, கரும்பலகைக்கு எதிர்ச் சுவரில். ஜங்ஷன் பாக்ஸ் ஆபீஸ் ரூமில். ஹைடெக் லேபுக்குப் போகலாமென்றால் சாவி கணினி ஆசிரியரிடம். கணினி ஆசிரியர் பள்ளித் தகவல்களைப் பதியும் எமிஸ் தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். எல்லாம் கூடி வந்து படம் விழும்போது முக்கால் மணி நேரப் பீரியடில் கால் மணி நேரம் போயிருக்கும். விழுந்த படத்திலோ தமிழைக் காணோம். வீட்டுக் கணினியில் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தது, இங்கே அந்த எழுத்துரு இல்லாததால், அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாகச் சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று 2010-லேயே ஆணையிட்டுவிட்டது. அந்த ஆணை சில பென்டிரைவ்களை இன்னும் சென்றடையவில்லை. "சார், அந்த மஞ்ச வயரக் கழட்டி மாட்டுங்க சார், வரும்" என்று மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அன்றைய வகுப்பில் பிரச்சினையைப் பார்த்து, யோசித்து, வழி சொன்ன ஒரே ஆள் அந்தப் பையன்தான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

பாடம் மேற்குத் தொடர்ச்சி மலையும் பருவமழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும். ஆகவே நம்மவர் மேற்குப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்தச் சொல்கிறார். எழுமலையின் மேற்கே இருப்பது என்ன? மேற்குத் தொடர்ச்சி மலை. சன்னலுக்கு வெளியே, வருசநாட்டுப் பக்கம் நீளும் மலைத்தொடர் காசில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. மல்லப்புரம் வழியாக மயிலாடும்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அந்தச் சன்னலைச் சாத்திவிட்டு, இணையத்தில் இறக்கிய மூணாறு தேயிலைத் தோட்டத்தை வெள்ளைச் சுவரில் காட்டுகிறார். எழுமலை இருக்கும் அதே தாலுகாவின் சாப்டூர் வனச்சரகம் 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் சேர்ந்தது, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது என்ற செய்திக்கு 32 ஸ்லைடில் இடமில்லை. 'மழை மறைவுப் பிரதேசம்' என்ற சொல் மட்டும் சிவப்பு நிறத்தில் சுழன்று சுழன்று வந்து உட்காருகிறது. ஆனி ஆடியில் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றை அனுப்புவதையும், ஐப்பசி மழையை நம்பித்தான் மானாவாரியில் குதிரைவாலியும் பருத்தியும் போடுகிறார்கள் என்பதையும் அந்தப் பிள்ளைகளின் அப்பத்தாக்கள் சொல்வார்கள். அந்த அறிவுக்கும் அந்தச் சிவப்புச் சொல்லுக்கும் முடிச்சுப் போடுவதுதான் ஆசிரியர் வேலை. சன்னல் திறந்திருந்தால் அந்த முடிச்சு தானாகவே விழ வாய்ப்புண்டு.

இத்தனைக்கும் இது நம்மவரின் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மிகச் சரியாகக் கணக்குப் போடுகிறவர். அவருக்கு மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? பாடக்குறிப்பேடு, உற்றுநோக்கல் பதிவேடு, கற்பித்தல் துணைக்கருவிப் பதிவேடு என்று அடுக்கடுக்காக ரெக்கார்டுகள். துணைக்கருவியைப் பயன்படுத்தியதற்குச் சான்று வேண்டும். சான்று என்றால் போட்டோ. அதனால் வகுப்பின் உச்சக்கட்டம், பாடம் புரிகிற நிமிடத்தில் வருவதில்லை; இன்னொரு பயிற்சி ஆசிரியர் செல்போனோடு வாசலில் வந்து நிற்கும் நிமிடத்தில் வருகிறது. நம்மவர் திரையை நோக்கி விரல் நீட்டுகிறார், பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கை தூக்குகிறார்கள், கிளிக். அந்தப் படம் உசிலம்பட்டியிலோ மதுரையிலோ கலர் பிரிண்ட் ஆகி, ஒட்டப்பட்டு, கையெழுத்தாகிறது. அறிந்துகொண்ட பிள்ளையைப் போட்டோ எடுக்க முடியாது. ஓடுகிற புரொஜெக்டரை எடுக்கலாம். எதைக் கேட்கிறோமோ அதைத்தான் கொடுப்பார்கள். நேற்றுவரை தெர்மாகோலில் செய்த எரிமலை இதே வேலையைச் செய்தது. இன்றைக்கு வயர் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டால் நம்மவர் ஆதாரமும் தருவார். எட்கர் டேல் என்பவரின் அனுபவக் கூம்பு: படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக் கேட்பதில் 50, செய்வதில் 90. பி.எட். படித்த யாரும் தூக்கத்தில்கூடச் சொல்லும் கணக்கு. டேல் 1946-ல் அந்தக் கூம்பை வரைந்தது உண்மை. அதில் ஒரு சதவீதம்கூட அவர் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டிய எண்கள் அவை, ஆய்வு எதிலிருந்தும் பிறந்தவை அல்ல. இத்தனை வட்டமான எண்களில் மனித மூளை நடந்துகொள்ளுமா என்ற சந்தேகம் யாருக்காவது வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அதையும் எல்லாரும் ஸ்லைடில்தான் பார்த்தார்கள்.

திரையின் மேல் இந்த நம்பிக்கை நம்மவரோடு தொடங்கியதுமில்லை. 1913-ல் எடிசனே, சினிமா வந்துவிட்டது, பள்ளிகளில் இனிப் புத்தகத்துக்கு வேலையில்லை, பத்தாண்டில் எல்லாம் தலைகீழாகும் என்றார். அதன்பின் ரேடியோ, டி.வி., 2004-ல் கல்விக்கென்றே விண்ணுக்குப் போன எஜுசாட் செயற்கைக்கோள். பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி கொடுத்தார்கள். பாடத்தோடு அவற்றைச் சேர்க்காததால் படிப்பு முன்னேறவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை எழுதுகிறது. கணினிக்கு அள்ளிச் செலவிட்ட நாடுகளின் பிள்ளைகள் வாசிப்பிலோ கணக்கிலோ குறிப்பிடும்படி மேலே வரவில்லை என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2015-லேயே ஒப்புக்கொண்டது. அவர்களிடம் ஜங்ஷன் பாக்ஸ் பற்றாக்குறை இருந்திருக்காது.

இங்கே ஒருவர் எழுந்து நின்று கேட்பார்: டெல்லியில் மென்பொருள் வைத்துக் கற்பித்துப் பார்த்தார்களே, பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, நாலரை மாதத்தில் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு முன்னேற்றமாமே? கேள்வி நியாயமானது, பதிலும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் முதலில் அதைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கிற படியிலிருந்து கணக்குக் கொடுத்தது. பாதி நேரம்தான் கணினி, மீதிப் பாதி ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அதாவது இயந்திரம் அங்கே பிள்ளையைப் பார்த்தது. நம்மவர் வகுப்பில் பிள்ளைகள் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். மின்சாரம் இரண்டிலும் ஒன்றுதான்.

நம்மூர்க் கணக்கு இன்னும் சுவாரசியம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. தெருவுக்குத் தெரு, பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்களே, திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். (வருகைப் பதிவுக்கு ஆப் இருந்தது. அது இல்லாமலா?) தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் விட்ட படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் 24 சதவீதம் இந்தத் திண்ணை வகுப்பின் கைங்கரியம் என்றும் சொல்கிறது. அந்த அக்காமார்கள் பலரிடம் பி.எட். இல்லை, பல்வகைத் தூண்டல் திறன், கிளர்வினாத் திறன் என்ற பெயர்களே தெரியாது. 'ஏண்டா, இது கூடத் தெரியலையா, இங்க வா' என்று பக்கத்தில் கூப்பிடத் தெரியும். பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்பது அந்தத் திண்ணையில் அரை நிமிடத்தில் அம்பலமாகிவிடும்.

"அப்படியானால் மதுரை டவுனில் ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஸ்மார்ட் போர்டு, எழுமலைப் பிள்ளைக்குத் திண்ணையா?" இந்த ஆட்சேபத்துக்குத் தலைவணங்குகிறேன். கடலையே பார்க்காத பிள்ளைக்கு அலையைக் காட்டுவதும், துடிக்கிற இதயத்தின் உள்ளே வால்வு திறந்து மூடுவதைக் காட்டுவதும் சாக்பீஸால் ஆகாத காரியம். 2018-ல் புதுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்ததும், மறு ஆண்டு கல்வித் தொலைக்காட்சி வந்ததும், 2023-ல் மணற்கேணி செயலி வந்ததும், 2024-ல் 22,931 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அரசு இறங்கியதும் வேண்டிய செலவுதான். பிள்ளைக்கு எட்டாததைக் கொண்டுவரத் திரை வேண்டும். கை நீட்டினால் எட்டுகிற மலையைக் கொண்டுவர வேண்டாம். எது எட்டும், எது எட்டாது என்று தெரிய ஆசிரியர் அந்த ஊரைக் கொஞ்சம் சுற்றியிருக்க வேண்டும். 80 நாள் அதற்குத் தாராளம். நம்மவருக்கோ சாயங்காலம் நாலே கால் ஆனால் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது, ராத்திரி ஸ்லைடு செய்ய.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய வாத்தியார்கள் யாரும் மீசையைத் தடவ வேண்டாம். வழிகாட்டி ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போர்ஷன் முடியணும்ல" என்று சொல்லி, அடுத்த பீரியடில் நோட்ஸ் எழுதிப் போட்டுக் காப்பி எடுக்கச் சொன்னால், அதுவும் அதே நோய்தான். திரைக்குப் பதில் கரும்பலகை. அங்கேயும் பிள்ளையைப் பார்த்த கண் இல்லை. சொல்லப்போனால் நம்மவர் மேல். அவர் மூணாறைக் காட்டியபோது பிள்ளைகள் ஒரு தடவை 'ஓ' என்றார்கள். அந்த 'ஓ'வை வைத்துக்கொண்டு, "சரி, நம்ம மலைப்பக்கம் ஏன் டீத்தோட்டம் இல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மழை மறைவுப் பிரதேசம் அந்த நிமிடமே புரிந்திருக்கும். 32 ஸ்லைடில் முப்பத்தொன்றைப் பென்டிரைவிலேயே விட்டிருக்கலாம்.

ஆகவே, கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரெக்கார்டில் கையெழுத்துப் போடுமுன், ஒட்டியிருக்கிற போட்டோவில் கை தூக்கியிருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு எதற்குக் கை தூக்கினாய் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு மார்க் போடுங்கள்.