மணியை இழுத்தது யார்?

யாங்கோன் நகரின் பழைய பகுதியில் ஆறாம் மாடி, ஏழாம் மாடிக்கெல்லாம் லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதில் கயிறு உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப்போ பிளாஸ்டிக் பையோ இருக்கும், மேல் நுனியில் ஒரு சின்ன மணி. பேப்பர் போடுகிறவர், பில் கொண்டுவருகிறவர், மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மா எல்லோரும் கீழே நின்றபடியே கயிற்றை இழுப்பார்கள். மேலே மணி அடிக்கும். நாம் எட்டிப் பார்த்து, காசைக் கிளிப்பில் மாட்டி இறக்கிவிட்டு, பண்டத்தை மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாடியும் ஏறி நேரில் வருகிறவர் கடன் கொடுத்தவர் மட்டும்தான்.

நான் வேலை பார்த்த பருப்பு ஏற்றுமதிக் கம்பெனி ஷ்வே பொந்தா தெருவில் ஓர் ஆறாம் மாடியில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அது மொகல் தெரு. நகரத்தார் கிட்டங்கிகளும் வட்டிக்கடைகளும் வரிசையாக இருந்த இடம். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் தமிழ் காதில் விழும். எங்கள் தொழில் உளுந்தும் துவரையும். சென்னையில் இட்லிக்கு ஊறப்போடுகிற உளுந்தில் நல்ல பங்கு இந்த ஊரிலிருந்துதான் கப்பலேறுகிறது. ஆபீசில் நாங்கள் மூன்று பேர். கணக்குக்கு நான். டைப்பிங்குக்கும் டெலிபோனுக்கும் ஒரு பர்மியப் பெண். எல்லாவற்றுக்கும் மேலாக, ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோதும் கப்பலேறாமல் தங்கிவிட்ட ஒரு பெரியவர். ஊர்ப் பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் அவருக்கு அது ரங்கூன்தான்.

2016 ஆகஸ்ட் 24, புதன்கிழமை, மாலை 5 மணி 4 நிமிடம். பால்கனி மணி அடித்தது.

சமோசாக்காரர் என்று எழுந்தேன். நான் எழுவதற்குள் பக்கத்து வீட்டு மணி அடித்தது. அப்புறம் எதிர் வீட்டு மணி. எட்டிப் பார்த்தால், தெருவின் இரண்டு பக்கமும் எல்லா மாடிகளிலும் தலைகள் நீட்டியிருந்தன. எல்லோரும் தங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். கீழே டீக்கடைப் பையன் ஒருவன் மட்டும் காலிக் கோப்பைகளோடு நின்றிருந்தான். நாலாம் மாடி அம்மாள் அவனைத் திட்ட ஆரம்பித்தார். ஐந்தாம் மாடி கூடச் சேர்ந்துகொண்டது. பையன் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு, வெறும் கையை விரித்துக் காட்டினான். அவனுக்குக் கை இரண்டு, தெருவில் கயிறு நூறுக்கு மேல். இந்தக் கணக்கு யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

உள்ளே திரும்பினேன். மேசை மேல் தட்டில் கொட்டி வைத்திருந்த உளுந்து மாதிரியிலிருந்து நாலைந்து மணிகள் பிரிந்து, சாவகாசமாக உருண்டு, விளிம்பில் முட்டி நின்றன. பிறகு யோசித்து, வந்த வழியே திரும்பின. தண்ணீர் கேனுக்குள் நீர்மட்டம் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. பெரியவர் கண்ணை மூடி நாற்காலிக் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பெண் இரண்டு உள்ளங்கையையும் மேசையில் அழுத்தி வைத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. பெரியவர், காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், மத்தியானம் சாப்பிடாமல் விட்டதற்கு இது தண்டனை என்று நினைத்திருந்தாள். எனக்கோ, நாற்பது தாண்டிய எந்தத் தமிழனுக்கும் தலை சுற்றினால் வருகிற ஒரே நினைப்பு: சர்க்கரை. ஒரு முழுக் கட்டடம் ஆடுகிறது, உள்ளே மூன்று பேர் மூன்று வியாதியை ரகசியமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சின்ன நிலநடுக்கத்தின் குணமே இதுதான். பெரியது வந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. சின்னதை இரண்டாவது ஆள் ஒத்துக்கொள்கிற வரைக்கும் அது நம் சொந்த உடம்புக் கோளாறு.

"சயா, உங்களுக்கும் ஆடுதா?" என்று, பர்மிய 'ஐயா' போட்டு, அந்தப் பெண் கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அது நிலநடுக்கமானது.

உடனே மாநாடு கூடியது. மேசைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஓடக்கூடாது என்பது சரியான முறை. ஜப்பானில் பள்ளிக்கூடத்திலேயே பழக்குகிறார்கள். எங்கள் மேசைக்கு அடியில் பழைய மாதிரி மூட்டைகள் இருந்தன. வாசல் நிலைக்குக் கீழே நிற்கலாம் என்றேன். வாசலுக்கு வெளியே ஏழாம் மாடிக்காரர்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஓடும்போது நின்று யோசிக்கிறவன் அறிவாளியாக இருக்கலாம், ஆனால் அவனுக்குத் துணை இருக்காது. நாங்களும் இறங்கினோம்.

யாங்கோன் மாடிப்படி செங்குத்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அதில் லுங்கி கட்டிய ஆண்கள். பர்மிய முடிச்சு முன்பக்கம் போடுவது, நிதானமான வாழ்க்கைக்கு ஏற்பட்டது. படிக்கு ஒரு தரம் அவிழ்ந்தது, படிக்கு ஒரு தரம் நின்று கட்டினார்கள். அதற்கு மேல், இந்த ஊரில் செருப்பை வாசலில்தான் கழற்றி விடுவார்கள். ஓடுகிற அவசரத்தில் ஏழாம் மாடி ஆறாம் மாடியின் செருப்பைப் போட்டுக்கொண்டது, ஆறாம் மாடி ஐந்தாம் மாடியினுடையதை. தெருவில் வந்து நின்றபோது கட்டடத்தில் யார் காலிலும் சொந்தச் செருப்பு இல்லை. முதல் மாடிக்காரர் வெறுங்காலோடு நின்றார். அந்த வாரம் முழுக்கச் செருப்புப் பரிவர்த்தனை நடந்தது. எனக்கு வரவேண்டிய இடதுகால் இன்னும் பாக்கி.

பெரியவர் குடையோடு வந்திருந்தார். மேலிருந்து செங்கல் விழுந்தால் குடை தாங்குமா என்று கேட்டேன். "மழைக்காலம் தம்பி" என்றார்.

தெருவுக்கு வந்ததும் ஒரு பெரிய அவமானம் காத்திருந்தது. டீக்கடையில் தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. கோப்பையில் ஒரு சலனம்கூட இல்லையாம். நாங்கள் கும்பலாக, லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மாறிய செருப்போடு மூச்சிரைக்க நின்றதை அவர்கள் சினிமா ஷூட்டிங் என்று நினைத்தார்கள்.

இதற்கு விஞ்ஞானம் இருக்கிறது. அன்றைய நிலநடுக்கத்தின் மையம் சௌக் என்கிற பழைய எண்ணெய் ஊருக்குப் பக்கத்தில், பூமிக்கு 84 கிலோமீட்டர் ஆழத்தில். அளவு 6.8. அங்கிருந்து யாங்கோனுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரம் வருவதற்குள் பட்பட்டென்று உதறும் அதிர்வுகள் செத்துப்போகும். மெதுவாக ஆடும் நீண்ட அலைகள்தான் மிஞ்சும். அவை தரையில் நிற்கிறவனை விட்டுவிட்டு உயரமான கட்டடத்தின் தலையைப் பிடித்து ஆட்டும். யாங்கோனில் லிஃப்ட் இல்லாத வீடுகளுக்கு மேலே போகப் போக வாடகை குறைவு. ஆக வாடகை குறையக் குறைய நிலநடுக்கம் கூடும். தரைத்தளத்துக்காரன் இரண்டு பங்கு கொடுப்பது படி ஏறாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று லாபம் பார்த்தது டீக்கடைதான். மேலே போகப் பயந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த இடமோ, கடைப் பலகைகளுக்கும் ஏசிப் பெட்டிகளுக்கும் தாறுமாறான மின்கம்பிகளுக்கும் நேர் கீழே. உண்மையிலேயே ஒரு பெரிய ஆட்டம் வந்திருந்தால் எங்களைக் கண்டுபிடிக்க அதற்குச் சிரமமே இருந்திருக்காது. பையனைக் கூப்பிட முத்தச் சத்தம் கொடுக்கிற வழக்கம் இங்கே. அவன் அன்று எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. நாலாம் மாடி அம்மாள் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கோப்பை வந்தது.

டீ வந்ததும் அனுபவஸ்தர்கள் கிளம்பினார்கள். சென்னைக்காரன் என்ற முறையில் நானும் ஒரு கை பார்த்தேன். 2001 செப்டம்பர் 25, புதுச்சேரிக் கடலில் மையம், தாம்பரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் எவர்சில்வர் அண்டா பேசியது. 2012 ஏப்ரல் 11, சுமத்ராக் கடலில் 8.6, பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் அடையாள அட்டையோடு வெளியே வந்து நின்றன. சொல்லி முடித்ததும் பெரியவர் கோப்பையை வைத்தார். "1930 தெரியுமா?" என்றார். மேசையில் அப்புறம் வேறு பேச்சில்லை.

1930 மே 5, ராத்திரி எட்டு மணி சுமார். பெகு, அதாவது இன்றைய பாகோ, தரைமட்டம். அங்கே ஐந்நூறு பேர் அளவில் செத்தார்கள். ரங்கூனில் ஐம்பது பேர். பாகோவின் ஷ்வேமோடோ பகோடா சரிந்தது. பழைய பூகம்பம் ஒன்றில் விழுந்த அதன் செங்கல் துண்டை அடிவாரத்தில் இன்றும் பார்க்கலாம். பெரியவரின் அப்பா அப்போது இதே மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையன். ஒரே கூடத்தில் பல மார்க்கா, அதாவது பல கடை, ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கைமேசை. கணக்கு முடிக்கிற நேரத்தில் பூமி ஆடியிருக்கிறது. கடையை நடத்திய ஏஜெண்டு பேரேட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினாராம். "பெட்டி?" என்று பையன் கத்தினான். ஓடிக்கொண்டே சொன்ன பதிலைப் பெரியவர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "பெட்டியில இருக்கிறது நம்ம பணம்டா. பேரேட்டுல இருக்கிறதுதான் ஊரே நமக்குத் தரவேண்டிய பணம்!"

அந்த ஏஜெண்டு விவரமானவர். ஆனால் அவரைக் கவிழ்த்தது பூகம்பம் இல்லை, அதே வருஷம் விழுந்த நெல் விலை. கடன் வாங்கினவனால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த வயல் கடன் கொடுத்தவன் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். 1938இல் இருபத்தைந்து. பூமி நிஜமாக இடம் மாறியது அந்த எட்டு வருஷத்தில்தான். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அதில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை.

யாங்கோன்காரர்கள் தங்கள் ஊரை நிலநடுக்கம் இல்லாத ஊர் என்றே பேசுவார்கள். வடக்கே கச்சின் பக்கத்திலிருந்து தெற்கே கடல் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு சகாயிங் பிளவு என்று ஒன்று நாட்டின் நடுவே ஓடுகிறது. பாகோவை ஒட்டி, யாங்கோனுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் போகிறது. அதன் இரண்டு பக்கமும் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்கின்றன. ஐந்து மணிக்கு மேல் பியே ரோட்டில் வண்டிகளும் ஏறக்குறைய அதே வேகம்தான், அதனால்தானோ என்னவோ ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையில் அதே பிளவு மண்டலேக்குப் பக்கத்தில் 7.7 அளவில் பிளந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யாங்கோனும் அன்று ஆடியது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத என்னிடம் ஒன்றும் கிடையாது.

2016க்கே வருகிறேன். டீ குடித்துக்கொண்டிருந்தபோது எல்லோர் கையிலும் ஃபேஸ்புக் திறந்துகொண்டது. பகானில் நூற்றுக்கணக்கான கோயில்களுக்குச் சேதம், சுலாமணிக் கோயிலின் உச்சி புழுதியாகக் கிளம்பிய படம் வந்தது. விழுந்ததில் பாதி 1990களில் புதிதாக வைத்துக் கட்டியதுதான் என்று யாரோ சொன்னார். "பழைய கொத்தனார் பழைய கொத்தனார்தான்" என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொல்கத்தாவில் மெட்ரோ ரயிலையே கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம்.

அப்போது அம்மா தாம்பரத்திலிருந்து கூப்பிட்டாள். அன்றைக்கு விடியற்காலையில்தான் இத்தாலியில் ஒரு கொடூரமான பூகம்பம். டி.வி.யில் மேலே இத்தாலியின் இடிபாடு, கீழே ஓடுகிற வரியில் மியான்மர். அம்மா இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டாள்.

"டேய், உசுரோட இருக்கியா?"

"இருக்கேம்மா. அது வேற நாடு."

"கடல் எவ்வளவு தூரம்?"

2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் பூகம்பம் என்றால் அவளுக்கு இந்த ஒரு கேள்விதான். கடல் தள்ளி இருக்கு, பக்கத்தில் ஆறுதான் என்றேன்.

"ஆறு எங்க போய்ச் சேருது?"

"கடல்லதான்."

"அப்ப?"

பூகோளத்தை வைத்து அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. அன்று ராத்திரி நான் ஆறாம் மாடியிலேயே படுக்க வேண்டும் என்றும், ஆட்டம் வந்தால் கீழே இறங்கி ஓட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் உத்தரவு போட்டாள்.

அவள் போனை வைத்த மறுநிமிஷம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து எங்கள் உளுந்து வாடிக்கையாளர் கூப்பிட்டார்.

"அங்க பூகம்பமாமே? எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியங்க. நாங்க மூணு பேரும்..."

"துறைமுகத்துக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"குடோனுக்கு?"

"அதுக்கும்..." என்று ஆரம்பித்தேன். பெரியவர் குடைக் கம்பியால் என் காலைத் தட்டினார். விரலை உதட்டில் வைத்து, "பார்த்துச் சொல்றோம்னு சொல்லு" என்று முணுமுணுத்தார்.

பார்த்துச் சொல்கிறோம் என்றேன். மறுநாள் காலை, நாங்கள் வாயே திறக்காமல், டன்னுக்குப் பத்து டாலர் ஏற்றி அவரே விலை கேட்டார்.

"1930ல இந்த விலையேற்றம் எங்கப்பாவுக்குக் கிடைக்கல" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பேரேட்டைத் திறந்தார்.