புழலுக்குப் போகும் பேருந்து

கேள்வி: சிப்காட்டில் வெல்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை புழல் சிறைக்குப் போய்த் தொண்டு செய்யலாம் என்று நினைக்கிறேன். மனப்பக்குவம் வரும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வரலாம். ஆனால் அதற்காகவே போகாதீர்கள். உங்களைப் பக்குவப்படுத்துவது கைதிகளுக்கு விதித்த தண்டனையில் சேர்த்தி இல்லை!

பக்குவம் கைதிகளிடமும் உண்டு: 1994 ஏப்ரலில் டெல்லி திகார் சிறையில் தியான ஆசிரியர் கோயங்கா நடத்திய விபாசனா தியான முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் மௌனமாக உட்கார்ந்தார்கள். ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி அங்கே சிறைத்துறை ஐ.ஜி.யாக இருந்த காலம். நம் ஊர்த் தொண்டர்களைப் பத்து நிமிடம் அப்படி உட்காரவைத்துப் பாருங்கள்! உள்ளே போனதும் உபதேசம்தான், பிறகு ஒரு போட்டோவுக்கு ஏக்கம். நல்ல வேளை, போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்.

புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. விசாரணைக் கைதி இன்னும் குற்றவாளி அல்ல. அடுத்த வாரம் ஜாமீனில் போய்விடவும் கூடும். அவருக்கு ஆறு மாதப் பாடத்திட்டம் போடாதீர்கள். மனு எழுத, கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தால் போதும். "என்ன கேஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்க நீதிபதி இருக்கிறார். வீட்டுக்குக் கடிதம், தகவல் எதுவும் வாங்கிவராதீர்கள். அப்புறம் நீங்களே நிரந்தரத் தொண்டராகிவிடுவீர்கள்.

முதலில் சிறைத்துறையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது வருவதற்குள் வீட்டில் படித்து முடித்த தமிழ்ப் புத்தகங்களைக் கட்டிவையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் கைதிகளுக்காகச் சிறைத்துறையே அரங்கு போட்டு நூல்களை நன்கொடையாக வாங்கியிருக்கிறது.