கூடை இருக்கிறது, சரக்குதான் இல்லை

நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினா தீவில் இன்று நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் சில இதைவிடப் பெரிய கூட்டத்தைப் பார்த்திருக்கும். ஆனாலும் அங்கே ஒரு புள்ளிவிவர அலுவலகம் உண்டு; ஒரு கூடைப் பொருள்களின் விலையை வைத்துக் காலாண்டுக்கொரு சில்லறை விலைக் குறியீடும் உண்டு. விலை கேட்க ஊர் ஊராக அலைய வேண்டாம், தலைநகர் ஜேம்ஸ்டவுனின் கடைத்தெருவில் காலாற நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

சிக்கல் விலை கேட்பதில் இல்லை, பொருளில். சரக்குக் கப்பல் கேப் டவுனிலிருந்து வர வேண்டும். தாமதமானால் அலமாரி காலி. இல்லாத வெங்காயத்துக்கு என்ன விலை போடுவது? புள்ளியியல்காரர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். போன முறை விலையையே எழுதலாம், அல்லது அதைப்போன்ற பொருள்களின் போக்கைப் பார்த்து மதிப்பிடலாம். உலக வழக்கமே அதுதான். ஆக, சட்டியில் விழாத வெங்காயம் கணக்கில் சௌக்கியமாக இருக்கும்.

விலை ஏறாமல் காப்பது இன்னொரு சிக்கல். தீவின் பவுண்டு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். சரக்கில் பெரும்பங்கோ தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. அந்நாட்டு நாணயமான ராண்டு ஏறினால் ஜேம்ஸ்டவுனில் மாவு விலை ஏறும். வட்டியை உயர்த்தி அடக்கலாமென்றால், தீவில் மத்திய வங்கியே கிடையாது.