ஜவ்வாதுமலை லுங்கித் துரை

ஆலங்காயம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் துரைக்கு ஜீன்ஸ் கடிக்க ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து அதே ஜீன்ஸில்தான் வந்திருப்பார், அதுவரை ஒரு முணுமுணுப்பும் இருக்காது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும், "பங்காளி, ஓரமா நிறுத்து" என்பார். பையிலிருந்து மடிப்புக் கலையாத கட்டம் போட்ட லுங்கி வெளியே வரும். தலை வழியாக மாட்டி, விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளேயே ஜீன்ஸை உருவி எடுப்பார். எதிரே நகரப் பேருந்து ஜன்னல் நிறைய ஆட்களோடு வந்தாலும் மானம் ஓர் அங்குலம் போகாது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தமிழ் ஆண்பிள்ளை அத்தனை பேருக்கும் கைவந்திருக்கிறது.

லுங்கிக்கு மாறியதும் ஐஸ் பெட்டி திறக்கும். உள்ளே டாஸ்மாக்கில் "நல்லா கூலிங்கா குடு தலைவா" என்று கெஞ்சி வாங்கிய பீர்.

இந்தத் துரையை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். ஊட்டிக்குப் போனால் ஸ்வெட்டரும் குல்லாவுமாக, பிறந்ததிலிருந்தே குளிரில் வளர்ந்தவர் மாதிரி நடப்பார். ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூர் என்றால் மட்டும் லுங்கி. கேட்டால், "இது நம்ம மலைடா" என்பார். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இந்தச் சொந்தத்தைக் கேள்விப்பட்டார்களா என்பது வேறு விஷயம்.

லுங்கி இருக்கும் உயரத்தை வைத்தே எத்தனையாவது பாட்டில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மூடி திறக்கும்போது கணுக்கால். முதல் பாட்டில் பாதியில் முழங்கால். இரண்டாவதில் தொடை தெரிய இரட்டை மடிப்பு, கூடவே பழைய காதல் கதை. மூன்றாவதில் லுங்கி தலைப்பாகையாகிவிடும். அப்போது துரையைக் காப்பாற்றுவது உள்ளேயிருக்கும் பட்டாபட்டி டிராயர். அதன் பையில் பணம், செல்போன், வண்டிச்சாவி, பாட்டில் ஓப்பனர் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

துரையைப் போலவே கட்டம் போட்ட துணி சுற்றும் ஸ்காட்லாந்துக்காரருக்கு இந்தப் பையை வெளியே, இடுப்புக்கு முன்னால் தொங்கவிடுகிற வழக்கம். கில்ட் பாவாடைக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் பழைய கிண்டல். நம் ஊரில் அந்த மர்மத்துக்கு இடமே இல்லை. முறையாகத் தைத்த கில்ட்டுக்கு ஏறக்குறைய எட்டு கஜம் துணி வேண்டும். மடிசாரைவிட ஒரு கஜம்தான் குறைவு. நம் லுங்கி இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். அந்தக் கில்ட்டும் சுலபமாக மரியாதை வாங்கிவிடவில்லை. கலகக்காரர்களின் உடை என்று 1746இல் பிரிட்டிஷ் அரசு தடை போட்டது, 1782இல்தான் நீக்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவில் கில்ட் அணிந்து தோன்றினார். பிறகு கேட்பானேன். 2024 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்காக ஸ்காட்லாந்து ரசிகர்கள் கில்ட்டோடு மியூனிக்கை நிறைத்து பீரில் மிதந்தார்கள். அவர்கள் அணி ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றது, பாட்டு நிற்கவில்லை. அமெரிக்காவில் பரிமாறும் பெண்களுக்குக் குட்டைக் கில்ட் மாட்டிவிட்டு 'டில்டட் கில்ட்' என்று மதுக்கடை வரிசையே தொடங்கினார்கள். அது 2003. அதே ஆண்டில்தான் நம் அரசும் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் கைக்கு மாற்றியது. யாருக்கும் எந்த உடையும் மாட்டிவிடவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

கட்டம் போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு பீர் குடிக்கும் ஆண்பிள்ளை அங்கே திருவிழா, இங்கே 'லோக்கல்'. வேட்டிக்கே இங்கு சட்டம் தேவைப்பட்டது. 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் புத்தக வெளியீட்டுக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது: வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். லுங்கிக்காக யாரும் வாய் திறக்கவில்லை. துரையே திறக்க மாட்டார். நட்சத்திர ஓட்டல் பாருக்குப் போகும்போது அவரும் பேன்ட்தான். லுங்கிக்காரனுக்கு வெட்டவெளிதான் விதி என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது பாட்டிலின்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் அந்தப் பக்கம் வந்தால், துரையின் கை தானாகப் போய் மடித்த லுங்கியை இறக்கிவிடும். பாட்டில் முதுகுக்குப் பின்னால் ஒளியும். எத்தனை கில்ட் கட்டினாலும் வராத மரியாதை இது.

"வணக்கம் தாத்தா, இங்க தேன் கெடைக்குமா? ஒரிஜினலா இருக்குமா?"

"இருக்குது தம்பி. ஒரிஜினலான்னு தேனீயத்தான் கேக்கணும்." பெரியவர் முதுகுப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். "பாட்டில ஒடைக்காம போங்க, ஆடு மேயுற எடம்."

"சேச்சே, நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல தாத்தா!"

இருட்டியதும் துரை பாறையில் மல்லாந்து வானசாஸ்திரம் பேசுவார். மின்னுவதெல்லாம் அவருக்குச் செவ்வாய். பக்கத்துக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானம் பார்க்கிறது. இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும் என்றுதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். துரையோ வண்டியின் முகப்பு விளக்கை முழுசாக எரியவிட்டு, பாட்டு போட்டுக்கொண்டு நட்சத்திரம் தேடுவார். நாலாவது பாட்டில் காலியானதும், அந்த மாதிரி ஆள் இல்லாத அதே துரை, எதிர்ப்பாறையைக் குறிபார்த்து எறிவார். குறி மட்டும் தப்பவே தப்பாது.

மறுநாள் அந்த வழியாக வெறுங்காலோடு நடக்கப்போவது சாமைக் கொல்லைக்குப் போகிற பெண்கள்.

துரை அவர்களே, லுங்கி கட்டுங்கள், தலையில்கூடக் கட்டுங்கள், அது உங்கள் பாடு. வண்டி ஓட்டும் பங்காளிக்கு மட்டும் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் நீலகிரியில் 2022இல் தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நிறைந்திருந்தபோது மலையேற்றிக் கொண்டுவந்த பாட்டில், காலியானதும் கனக்காது. வண்டியில் போட்டுக் கீழே கொண்டுபோங்கள்.